கடல் கடந்து வாழும் இறுப்பிட்டி மக்களுக்கு: நம் வீடுகளின் நாதம் குறித்து ஒரு திறந்த மடல்



ஆண்டுதோறும் கோயில் திருவிழாக்களை முன்னிட்டு ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் நீங்கள் ஊருக்கு வரும்போது, பெற்றோருக்கும் சகோதரருக்கும் அன்போடு கொண்டுவரும் பொருள்களுள் ஒலிபெருக்கிகளும் அம்பிளிபயர்களும் இப்போது ஒரு முக்கிய ஸ்தானத்தைப் பெற்றுவிட்டன. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் நீண்ட கடற்பாதை வழியாக வான்களில் வந்து சேரும் அந்தப் பெட்டிகள், புங்குடுதீவிலுள்ள நம் இறுப்பிட்டியில் இறக்கப்பட்டு, வீட்டின் முன் ஹோலில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டு, சில வாரங்கள் ஆரவாரத்தோடு ஒலித்து, நீங்கள் திரும்பிச் சென்ற பின்னர் மெல்ல மெல்ல ஓய்ந்து, ஈற்றில் துணி போர்த்திய மேசைகளாக மாறிவிடுவதை நான் பல வீடுகளில் கண்டு வருந்தியிருக்கிறேன். காரணம் கேட்டால், "சத்தம் இருக்குது தம்பி, பாட்டைத்தான் காணேல்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இச்செய்தி தொலைபேசி வழியாக உங்களை எட்டியவுடன், அதனினும் விலையுயர்ந்த ஒரு பெட்டியையோ, எண்களை ஒலியாக்கும் டி.ஏ.சி. என்னும் கருவியையோ, பொன்முலாம் பூசிய வயர்களையோ அனுப்பிவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று எண்ணுகிறீர்கள். உங்கள் அன்பு பெரிது. ஆனால் அடுத்த பெட்டியை வாங்குமுன் இம்மடலை ஒருமுறை பொறுமையாகப் படித்தருள வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

என் அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இசையை எண்களாகச் சேமித்து வைத்துப் பின்னர் மீட்டெடுக்கும் வித்தை இன்று ஏறக்குறையப் பூரணமாகிவிட்டது. சாமானிய விலைக்குக் கிடைக்கும் சிறு கருவியே அதனைக் குறைவறச் செய்துவிடும். பழுது நேர்வது அந்த எண்களுக்குள் அன்று. நாதம் எண்ணாக மாற்றப்பட்டுச் சுருக்கப்படும் வேளையில் ஒரு பழுது நேர்கிறது. அவ்வெண்கள் மறுபடியும் காற்றின் அசைவாகி ஓர் அறைக்குள் நுழையும் வேளையில் இன்னொரு பழுது நேர்கிறது. இவ்விரண்டு முனைகளையும் கவனியாது நடுவிலிருக்கும் பெட்டியை மாத்திரம் மாற்றிக்கொண்டிருப்பதனால் பணம் செலவாவதைத் தவிர வேறு பிரயோசனம் இல்லை.

நம் ஊராருக்குக் கேட்கத் தெரியாது, ஆகையால்தான் குறை காண்கிறார்கள் என்று உங்களில் எவரும் எண்ணிவிடலாகாது. 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் றேடியோ சிலோன் என்னும் நாமம் பெற்று, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய காலம் முழுவதும், அந்நிலையத்தின் தமிழ்ச் சேவையே இத்தீவகத்தின் செவியை வளர்த்தது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட் முதலியோரின் குரல்களைப் பாக்குநீரிணைக்கு இப்பாலும் அப்பாலும் இலட்சக்கணக்கானோர் அறிந்திருந்தார்கள். மத்திய அலைவரிசை வானொலி ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மாத்திரமே நமக்குக் கொண்டுவந்து தரும். அதற்கு மேலுள்ளவை யாவும் வழியிலேயே அற்றுப்போகும். அப்படியிருந்தும் அக்குரல்களில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே விளங்கியது. ஏனெனில் மனிதக் குரலின் தெளிவு தங்கியிருப்பது இடைப்பட்ட சுருதிகளிலேயாம். பின்பு, போர் காரணமாக மின்சாரமும் இல்லாது பற்றரியும் தடைசெய்யப்பட்டிருந்த 1990களின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்து மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு செய்தியும் பாட்டும் கேட்டார்கள். இத்தனை பிரயாசையோடு கேட்டுப் பழகிய செவிக்கு ஆடம்பரம் தேவைப்படாமல் இருக்கலாம். எது உயிருள்ள ஒலி, எது வெறும் ஓசை என்பது அதற்கு நிச்சயமாகத் தெரியும்.

இனி எண்களின் விஷயத்துக்கு வருவோம். இசைக்கும் கணிதத்துக்கும் உள்ள உறவு நமக்குப் புதியதன்று. விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற சுவாமி விபுலானந்தர் 1947இல் அரங்கேற்றிய யாழ் நூலில், பழந்தமிழ் யாழ்களின் நரம்புகளைக் கணக்கின் துணைகொண்டே மீட்டெடுக்க முயன்றார். 1982ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த குறுந்தட்டு ஒரு செக்கனுக்கு 44,100 முறை ஒலியலையின் உயரத்தை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்துக்கொள்கிறது. அளக்கும் வேகத்தின் பாதிக்குக் கீழே அடங்கும் எந்த அலையையும் இவ்வளவுகளிலிருந்து முழுமையாக மீளக் கட்டியெழுப்பலாம் என்பதைக் கிளாட் ஷனன் 1949இல் வெளியிட்ட ஆய்வில் கணித முறையாக நிறுவியிருக்கிறார். 44,100இன் பாதி 22,050. இளஞ்செவிகூட 20,000 ஹேர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. நம் வயதினர் பலருக்கு 12,000ஐத் தாண்டுவதே கஷ்டம். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே அக்குறுந்தட்டுத் தரும் இடைவெளி 96 டெசிபெல். மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும் ஒரு ஹோலில் இவ்விடைவெளி முழுவதையும் பயன்படுத்துவது எவராலும் இயலாத காரியம். ஆகையால், 192 கிலோ ஹேர்ட்ஸ் என்று பொறிக்கப்பட்ட பெட்டி ஒன்றை வாங்கி அனுப்புவதனால், வீட்டில் அமர்ந்து கேட்கும் உங்கள் தந்தையாருக்குப் புதிதாக எதுவும் கேட்கப் போவதில்லை. கைத்தொலைபேசியின் துளையில் வயரைச் செருகியவுடன் இரைச்சல் கேட்குமாயின், சிறியதொரு வெளி டி.ஏ.சி. வாங்குவது நியாயமே. அதற்கப்பால் அத்திசையில் செலவிடும் ஒவ்வொரு சதமும் வீண் என்பதே என் துணிபு.

குறுந்தட்டுத் தரம் இங்ஙனம் நிறைவானதாயிருக்க, நம் வீடுகளில் ஒலிப்பதோ குறுந்தட்டுத் தரம் அன்று. செக்கனுக்கு 1,411 கிலோபிட் அளவுள்ள அந்த ஒலியை 128 கிலோபிட்டாகச் சுருக்கி, அதாவது பதினொன்றில் ஒரு பங்காக்கி, எம்.பி.3 என்னும் கோப்பாக அடைத்ததே நமக்கு வந்து சேர்கிறது. செவி கவனியாது என்று கருதப்படும் பகுதிகளைக் கழித்துவிடும் இந்த முறை ஒரு மதிநுட்பமான கண்டுபிடிப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. மெல்லிசைக்கும் பேச்சுக்கும் அது பெரும்பாலும் போதுமானதே. ஆனால் நம் தவிலுக்கு அது பெருந்தீங்கு செய்கிறது. எப்படி என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

தவிலின் வலந்தலையை விரல்களில் அணிந்த கூடுகளும், தொப்பியை இடக்கையிலுள்ள கழியும் தாக்கும்போது, ஒரு கணம் முன்பு மௌனமாயிருந்த காற்று மறுகணத்தில் முழு வேகத்தோடு வெடிக்கிறது. எம்.பி.3 முறையோ ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டங்களாக, ஏறக்குறைய 26 மில்லிசெக்கன் நீளமுள்ள கூறுகளாக வெட்டி, சுருக்குவதனால் உண்டாகும் பிழையை அத்துண்டம் முழுவதிலும் பரப்பிவிடுகிறது. துண்டத்தின் நடுவில் ஓர் அடி விழுந்தால், அதன் பிழை அடிக்கு முன்னேயே, மௌனமாயிருந்த இடத்திலும், ஒரு மெல்லிய சலசலப்பாகப் படிந்துவிடும். திறமையான மென்பொருள் துண்டத்தைச் சிறிதாக்கி இதனை ஓரளவு தடுக்கும். ஆனால் பிட்டுகள் குறையக் குறைய அத்தடுப்பும் குறையும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். நாற்பத்தொரு வயதுக்குள் தமிழுலகம் முழுவதையும் தம் தவிலால் வசப்படுத்தியவர். அவர் வாசிப்பில் நமக்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அக்காலத்து ஒலிநாடாப் பதிவுகளே. அவ்வரிய பதிவொன்றை 64 கிலோபிட் கோப்பில் கேட்பவன், ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் சொற்கட்டுகளின் இடைவெளிகளில் இருக்கவேண்டிய சுத்தமான மௌனத்தை இழந்துவிடுகிறான். அம்மௌனம் போனால் அவ்வித்துவானுடைய வேகமும் போயிற்று. கோப்பிலேயே அழிந்துவிட்ட அதனை எத்தனை ஆயிரம் டொலர் பெறுமதியான சாதனமும் மீட்டுத் தராது.

இதில் இன்னொரு துக்ககரமான சங்கதியும் உண்டு. உங்களில் ஒருவர் பழைய கசெற் ஒன்றைக் கணினியில் ஏற்றி எம்.பி.3 ஆக்கி, அதனை யூடியூப்பில் இட, அங்கிருந்து இன்னொருவர் இறக்கி மறுபடியும் சுருக்கி, வட்ஸ்அப் வழியாக ஊருக்கு அனுப்ப, இங்குள்ள பிள்ளை அதனைப் புளூடூத் வழியாக ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறான். புளூடூத்தும் தன் பங்குக்கு ஒருமுறை சுருக்கியே கடத்துகிறது. ஒவ்வொரு சுருக்கத்திலும் கழிந்தது கழிந்ததே. எனவே, இசைக் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒலிச் செய்தியாகவோ காணொலியாகவோ அனுப்பாமல், ஆவணம் என்னும் பகுதி வழியாக அனுப்புங்கள். அப்போது கோப்பு உள்ளபடியே வந்து சேரும். இயன்றவரை, எதனையும் கழிக்காது சுருக்கும் ஃபிளாக் கோப்பாகவே அனுப்புங்கள். இங்குள்ளவர்களிடம், தொலைபேசியையும் அம்பிளிபயரையும் வயரால் இணைக்கும்படி சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுகூட இல்லை.

அறையைப் பற்றி இதனினும் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது. ஏனெனில் அங்கேதான் நம் வீடுகளின் பிரதான நோய் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பணத்தால் புதிதாக எழுந்த வீடுகளில், தரைக்கு மாபிள் பதித்து, சுவருக்குச் சீமெந்து பூசி, மேலே கொங்கிறீற்றுத் தட்டு அடித்து, எதிரே கண்ணாடி அலுமாரி வைத்திருக்கிறோம். பார்வைக்கு அழகுதான். ஆனால் ஒலிபெருக்கியிலிருந்து புறப்படும் ஒலி இவற்றுள் எதன்மீது பட்டாலும் அதிகம் குன்றாது திரும்பி வருகிறது. வந்த ஒலி எதிர்ச்சுவரில் பட்டு மறுபடியும் திரும்புகிறது. முதல் அடியின் எதிரொலி அடங்குமுன் அடுத்த அடி விழுந்துவிடுகிறது.

இந்நோயை முதன்முதலில் அளந்து பார்த்தவர் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர் வலஸ் சபீன். 1895ஆம் ஆண்டில், அப்பல்கலைக்கழகத்துப் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தபோது, அவர் இரவு வேளைகளில், ஊர் அடங்கிய பின்னர், ஓர் ஓர்கன் குழலையும் நிறுத்தற் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே சென்று, குழலின் ஒலி நின்ற கணத்திலிருந்து எதிரொலி முற்றாக அடங்கும் கணம்வரை அளந்தார். அது ஐந்து செக்கனைத் தாண்டியது. பின்னர் அருகிலுள்ள அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளை அள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகப் பரப்பி, ஒவ்வொரு முறையும் திரும்ப அளந்தார். அந்த மெத்தைகளிலிருந்து பிறந்ததே இன்றும் மண்டபம் அமைப்போர் கையாளும் சூத்திரம். அவர் உறிஞ்சும் சக்திக்கு அலகாகக் கொண்டது எது தெரியுமா? திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே வெளியேறிய ஒலி திரும்பி வருவதில்லையாதலால், திறந்த ஜன்னலே பூரணமான உறிஞ்சி என்று அவர் கொண்டார்.

அவருடைய சூத்திரத்தை நம் ஊர் ஹோல் ஒன்றுக்குப் பிரயோகித்துப் பாருங்கள். 16 அடி நீளமும் 12 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஹோல், மாபிளும் சீமெந்துமாய், ஜன்னல்கள் சாத்தியிருக்கையில், எதிரொலி அடங்க இரண்டு செக்கனுக்கு மேலாகும். வீட்டில் இசை கேட்பதற்கு அரைச் செக்கன் அளவே இதமானது. நாலடிச் சதுர ஜன்னல்கள் இரண்டையும் கதவையும் திறந்துவிட்டாலே அது ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு இறங்கிவிடுகிறது. கண்ணாடி அலுமாரிக்கு எதிரே மடிப்பு மடிப்பாகக் கனத்த திரைச்சீலையும், தரையில் பருத்தி விரிப்பும் இட்டு, ஒலிபெருக்கிகளுக்குப் பக்கத்துச் சுவர்களில் பழைய தும்பு மெத்தையைத் துணியால் உறையிட்டுச் சாய்த்து நிறுத்தினால் மீதியும் குறையும். நம் பனையோலைப் பாய் மெல்லியதாதலால் இதற்கு அதிகம் உதவாது; மூன்றங்குலத் தடிப்பும் அடர்த்தியான தும்பும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து நுரைப்பஞ்சுப் பலகைகள் வாங்கி அனுப்புவதை நான் சிலாகிக்க மாட்டேன். தென்னந்தும்பு விளையும் நாட்டுக்கு அது தேவையில்லை.

சென்ற சோளகக் காலத்தில் நம் ஊர் வீடொன்றில் கண்டதை இங்கே சொல்வது பொருந்தும். இரண்டு நல்ல ஒலிபெருக்கிகள். ஒன்று தொலைக்காட்சிக்குப் பின்னால் மூலையில், மற்றது வாசற்கதவுக்கு அருகே ஆறடி உயர அலுமாரியின் மேல். வீட்டுப் பெரியவர் சாய்மனைக் கதிரையில், பின்சுவரோடு ஒட்டி அமர்ந்திருந்தார். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதசுரம் ஒலித்தது. ஆனால் குழல் எங்கிருந்து ஊதப்படுகிறது என்பதே தெரியாதபடி அறை முழுவதும் ஒரே முழக்கம். முதலில் ஒலிபெருக்கிகளின் பின்புறத்தைப் பார்த்தேன். ஒன்றில் சிவப்பு வயர் கறுப்புத் துளையில் இருந்தது. இப்படி மாறினால் ஒன்றின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றதன் கூம்பு பின்னே இழுக்கும். தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதைச் சரிசெய்து, இரண்டையும் ஒரே நீளச்சுவரின் முன்னே, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஒன்றுக்கொன்று ஆறடி இடைவிட்டு, உச்சசுரம் எழும் சிறு கூம்பு அமர்ந்திருப்பவரின் காதுக்கு நேரே வரும்படி மூன்றடி உயர வாங்கில்களில் வைத்தோம். கதிரையைப் பின்சுவரிலிருந்து முன்னே நகர்த்தி, இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்தும் சரியாக ஆறடித் தூரத்தில், முக்கோணத்தின் மூன்றாம் முனையில் இட்டோம். ஜன்னல்களைத் திறந்தோம். அதே கோப்பு, அதே பெட்டி. நாதசுரம் இரண்டுக்கும் நடுவில், கையெட்டும் இடத்தில் நின்றது. அதன் வலப்புறத்தில் சற்று விலகித் தவில். பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்பதான் தம்பி, கழி தோலிலை விழுகிறது விளங்குது" என்றார்.

முக்கோணத்தின் நியாயம் இதுதான்: ஸ்ரீரியோ என்னும் முறைக்கு அலன் புளும்லைன் 1931இல் இங்கிலாந்தில் உரிமைப்பதிவு கோரி விண்ணப்பித்த காலந்தொட்டு, இரு ஒலிபெருக்கிகளின் ஒலியும் ஒரே கணத்தில் செவியை அடையும் என்ற எதிர்பார்ப்பிலேயே அது கட்டப்பட்டிருக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும். ஒன்றுக்கு நாம் இரண்டடி நெருங்கிவிட்டாலே அதன் ஒலி ஏறக்குறைய இரண்டு மில்லிசெக்கன் முந்தி வந்து, பாடகரை முழுவதுமாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மூலையைத் தவிர்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 16 அடி, 12 அடி, 10 அடி என்னும் அளவுகளுக்கு முறையே 36, 48, 57 ஹேர்ட்ஸில் அறை தானாகவே முரலும். மூலையில் வைத்த ஒலிபெருக்கி இம்மூன்றையும் ஒருங்கே கிளப்பிவிடும். சினிமாப் பாடல்களில் பேஸ் கிற்றார் வரும் இடமெல்லாம் ஒரே சுரமாக மொத்துவது இதனாலேயே.

கோயில் வீதிகளில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கிகளின் பழக்கத்தால், உரத்துக் கேட்பதே நன்றாகக் கேட்பது என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் வேரூன்றிவிட்டது. திறந்த வெளியில் அரை மைல் தூரத்துக்குச் செய்தி சொல்லப் பிறந்த சாதனம் அது. வீட்டுக்குள் அதன் தன்மையைக் கொண்டுவர முயல்வதும், அதற்காகத் தொலைபேசியில் பேஸ் பூஸ்ற் முதலியவற்றை இயக்கிவைப்பதும் இசைக்குச் செய்யும் அநியாயம். அவற்றை நிறுத்திவிட்டு, தொலைபேசியின் ஒலியளவை உச்சத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, மீதியை அம்பிளிபயரில் கூட்டிக் குறைப்பதே முறை.

வயர்களைப் பற்றி நீண்ட விசாரணை வேண்டியதில்லை. வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் ஐந்து மீற்றர் இணைப்பின் தடை 0.07 ஓம், எட்டு ஓம் ஒலிபெருக்கிக்கு அது ஒரு பொருட்டே அன்று. ஆனால் எங்கள் உப்புக்காற்று பொருட்டானது. சோளகம் வீசும் மாதங்களில் திறந்த செப்பு நுனிகள் பச்சையேறிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை நுனியை அரையங்குலம் வெட்டி, புதிதாகத் தோலுரித்து முறுக்கி இறுக்கவேண்டும். செருகிகளை ஐசோபுறொப்பைல் அற்ககோலால் துடைக்கவேண்டும். கேட்காத வேளையில் சாதனங்களைத் துணியால் மூடிவையுங்கள். நீங்கள் வாங்கும்போது, கூம்பின் விளிம்பு நுரைப்பஞ்சால் ஆனதாயின் அதனை விலக்கி, இறப்பர் விளிம்புள்ளதைத் தெரிவுசெய்யுங்கள். ஈரமும் வெயிலும் நுரைப்பஞ்சைச் சில ஆண்டுகளில் தூளாக்கிவிடும். தொலைக்காட்சியை இணைத்தவுடன் 50 ஹேர்ட்ஸ் முரலல் கேட்டால், செப்பு வயருக்குப் பதிலாக ஒளியிழை வயரால் இணையுங்கள். கண்ணாடியோ பிளாஸ்ரிக்கோ ஆன இழையில் மின்சாரம் செல்லாதாகையால் முரலல் அங்கேயே அறுந்துவிடும்.

இதுவரை சொன்னவை இங்குள்ளவர்கள் செய்யவேண்டியவை. உங்களால் மாத்திரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இம்மடலை எழுதத் தூண்டியதும் அதுவே.

1990களின் தொடக்கத்தில் இத்தீவு மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்துச் சென்ற சிலவற்றுள் கசெற்றுகளும் இருந்தன. நம் கோயில் திருவிழா மேளக் கச்சேரிகள், கூத்துகள், பாடசாலை விழாக்கள், வீட்டில் பாட்டிமார் பாடியவை, காலமானவர்களின் பேச்சு ஆகியவை இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் உங்கள் அலுமாரிகளில் கிடக்கின்றன. எந்தக் கம்பனியும் வெளியிடாத, வேறெங்கும் பிரதியில்லாத பதிவுகள் அவை. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய அந்நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்திலேயே ஓடுவது. அதன் பசை தளர்ந்து துகள் உதிரத் தொடங்கினால் மீட்சி இல்லை. இவற்றை எண்ணாக்கும் வேலையை அவசரத்தில், கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்ரிக் கருவியில், நேரே எம்.பி.3 ஆகச் செய்துவிடாதீர்கள். வீட்டில் எத்தனை நல்ல ஸ்ரீரியோ வைத்தாலும், இந்த ஒரு வேளையில் நேர்ந்த பிழையை அது என்றென்றும் திருப்பிச் சொல்லிக்கொண்டேயிருக்கும்.

நல்ல நிலையிலுள்ள பழைய கசெற் டெக் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். அதன் தலையையும் இறப்பர் உருளையையும் சுத்தம் செய்யுங்கள். கசெற்றை ஒருமுறை முற்றாக முன்னே ஓட்டி, மறுபடியும் பின்னே ஓட்டுங்கள். பல ஆண்டுகள் அசையாதிருந்த நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பின்னர் மிக முக்கியமான காரியம்: தலையின் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். பதிவு செய்த கருவியின் தலையும் உங்கள் டெக்கின் தலையும் நாடாவுக்கு ஒரே கோணத்தில் நில்லாவிடின், உச்சசுரங்கள் யாவும் மங்கிவிடும். தாளச் சத்தம் வரும் இடத்தை ஒலிக்கவிட்டு, அத்திருகாணியை இம்மியளவு இப்பக்கமும் அப்பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஓரிடத்தில் திரை விலகினாற்போலத் தாளத்தின் கணீரென்ற ஒலி வெளிப்படும். அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கசெற்றுக்கும் இதனைப் புதிதாகச் செய்யவேண்டும். ஏனெனில் ஒவ்வொன்றும் வெவ்வேறு கருவியில் பதிவானது.

எண்ணாக்கும்போது 24 பிட், 96 கிலோ ஹேர்ட்ஸ், அது இயலாவிடின் 48 கிலோ ஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிக்காப்பகங்களின் சர்வதேச சங்கமும் இதனையே பரிந்துரைக்கிறது. கேட்பதற்குத் தேவையற்றது என்று மேலே நான் சொன்ன கூடுதல் அளவு இங்கே தேவைப்படுவதற்குக் காரணம், பின்னர் திருத்தங்கள் செய்யும்போது இடமிருக்கவேண்டும் என்பதே. உச்சம் பூச்சியத்திலிருந்து 6 டெசிபெல்லாவது கீழே நிற்கட்டும். ஒருமுறை தலை வெட்டப்பட்ட அலையை ஒட்டவைக்க இயலாது. நாடாவின் இரைச்சலை மென்பொருளால் துடைத்தெறிய ஆசைப்படாதீர்கள். அவ்விரைச்சலோடு நாதசுரச் சீவாளியின் மூச்சும் போய்விடும். துடைக்க விரும்பினால் பிரதி ஒன்றில் துடையுங்கள், மூலம் அப்படியே இருக்கட்டும். பற்றரி தளர்ந்த வேளையில் பதிவான கசெற்றுகள், அன்று நாடா மெதுவாக ஓடியதனால், இன்று சுருதி உயர்ந்து ஒலிக்கும். மின்சாரத்தில் பதிவானதாயின், அதனுள் மெல்லிதாக ஒலிக்கும் முரலல் 50 ஹேர்ட்ஸில் நிற்கிறதா என்று பார்த்து வேகத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

மூலக் கோப்புகளை எம்.பி.3 ஆக்காது, வேவ் அல்லது ஃபிளாக் வடிவிலேயே இரண்டு இடங்களில் வைத்திருங்கள். எந்தக் கோயில், எந்தத் திருவிழா, எந்த ஆண்டு, வாசித்தவர் யார், பதிவு செய்தவர் யார் என்பவற்றைத் தெரிந்தவரை எழுதிக் கோப்போடு சேர்த்துவையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், தொலைபேசியில் கேளுங்கள். ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு வழங்குவது பற்றியும் ஆலோசியுங்கள். 2005ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழ்ச் சமூகங்களின் ஆவணங்களை எண்ணிம வடிவில் காத்துவரும் அவர்களுடைய சேகரத்தில் ஒலிப்பதிவுகளுக்கும் இடமுண்டு.

இம்முறை நீங்கள் வரும்போது புதிய பெட்டி எதனையும் கொண்டுவர வேண்டாம். அக்கோப்புகள் நிறைந்த ஒரு சிறு வன்தட்டைக் கொண்டுவாருங்கள். தும்பு மெத்தையையும் வாங்கில்களையும் நாங்கள் ஆயத்தமாக வைத்திருக்கிறோம். எந்தெந்த வீட்டில் எந்தெந்தக் கசெற் உண்டு என்ற ஒரு பட்டியலையாவது வருமுன் அனுப்பிவைப்பீர்களாயின், ஒரே கச்சேரியை இருவர் எண்ணாக்கும் வீண்வேலையைத் தவிர்த்து, அழியும் நிலையிலுள்ளவற்றை முதலில் எடுத்துக்கொள்ள வசதியாயிருக்கும்.

இங்ஙனம்,
உங்கள் ஊரவன்,
இறுப்பிட்டி, புங்குடுதீவு.